மார்டென்சைட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர்

ஹீட் ட்ரீட்மெண்ட் கேள்விக்கு மார்டென்சைட் என்று எழுதி மார்க் வாங்காதவர் நம்மில் யார்? சிவக்கக் காய்ச்சிய உளியைத் தண்ணீரில் சுர்ரென்று முக்கினால் எஃகுக்குள் உண்டாகிற கடினமான அமைப்பு அது. ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அது ஒரு மனிதரின் பெயர், நண்பர்களே!

அடோல்ஃப் மார்டென்ஸ் 1850-ல் ஜெர்மனியின் மெக்லென்பர்க் பகுதியில் பிறந்தார். பெர்லினில் நம்மைப் போல மெக்கானிக்கல் படித்தார். படிப்பு முடிந்ததும் பிரஷ்ய ரயில்வேயில் வேலை. பெரிய பெரிய இரும்புப் பாலங்கள் கட்டுகிற பணி. ரயில் பாதை வேகமாகப் பெருகிய காலம் அது. அச்சுகளும் தண்டவாளங்களும் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து உயிரைக் குடித்தன. பார்வைக்கு எல்லா இரும்பும் ஒண்ணுதான். ஒன்று தாங்குகிறது, ஒன்று உடைகிறது. ஏன்?

உள்ளே பார்த்தால்தானே தெரியும்! வேலை நேரம் போக மீதி நேரத்தில், தானே அமைத்துக்கொண்ட மைக்ராஸ்கோப்பில் மார்டென்ஸ் இரும்பைப் பார்க்க ஆரம்பித்தார். துண்டைக் கண்ணாடி போலத் தேய்ப்பது, அமிலத்தில் அரிப்பது, தெரிந்த குருணைகளையும் கோடுகளையும் பொறுமையாக வரைந்து வைப்பது. இங்கிலாந்தில் சார்பி என்பவர் 1860-களிலேயே இதைச் செய்திருந்தும் பலர் கண்டுகொள்ளவில்லை. 1878-ல் மார்டென்ஸ் தன் ஆய்வை வெளியிட்டார். 1884-ல் பெர்லின் அரசுப் பொருள் சோதனைக் கூடத்துக்குத் தலைவரானார். 1914-ல் இறக்கும்வரை சோதனைப் பணிதான் அவர் வாழ்க்கை.

பெயரை அவரே வைத்துக்கொள்ளவில்லை. 1895-ல் பிரெஞ்சு அறிஞர் ஓஸ்மோன்ட், அவரைக் கௌரவிக்க மார்டென்சைட் என்று சூட்டினார்.

கதை எஃகோடு முடியவில்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் ஒன்றில், நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் வளைத்தாலும் சூடுபட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதைக் கண்டார்கள். சூட்டில் ஆஸ்டினைட், குளிர்ந்தால் மார்டென்சைட். எஃகில் கடினமாக இருக்கிற அதே பெயர், இங்கே மெத்தென்று வளைந்து கொடுக்கிறது!

இங்கேதான் மார்டென்ஸ் வரைந்த குருணை மறுபடி வருகிறது. மார்டென்சைட் தகடு ஒரு குருணைக்குள் பிறந்து, அதன் எல்லையில் முட்டி நிற்கிறது. உருவாகும்போது வடிவம் மாறுவதால் பக்கத்துக் குருணைகள் எதிர்த்துத் தள்ளுகின்றன. நெரிசலான பஸ்ஸில் கையை நீட்ட முடியாத மாதிரிதான்! குருணை மிகமிகச் சிறிதானால் எல்லைகள் பெருகும், தடையும் பெருகும். மாற்றம் தொடங்க இன்னும் அதிகமாகக் குளிர்விக்க வேண்டும். நிட்டினாலில் குருணை சுமார் 50 நானோமீட்டருக்குக் கீழே, அதாவது தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால், வெறும் குளிர்ச்சியால் வழக்கமான மார்டென்சைட் வருவதே பெரும்பாலும் நின்றுபோகிறது. உலோகக் கலவை அதேதான், குருணை அளவு மட்டும் வேறு, குணமே மாறிவிட்டது!

ரத்தக்குழாய்க்குள் தானாக விரிகிற நிட்டினால் ஸ்டென்ட், பல் சீராக்கும் நிட்டினால் கம்பி எல்லாம் இந்த மாற்றத்தை நம்பித்தான் இருக்கின்றன. எந்த வெப்பநிலையில் மாறும் என்ற கணக்கு தப்பினால், கம்பி வேலை செய்யாது.

நிட்டினாலைப் பற்றி மார்டென்ஸுக்கு எதுவும் தெரியாது. அவர் விட்டுச்சென்றது ஒரு பழக்கம்: உடைந்ததைத் தூக்கிப் போடாமல், தேய்த்து, உள்ளே பார்ப்பது. அடுத்த முறை லேபில் எமரி ஷீட்டில் தேய்த்துக் கை வலிக்கும்போது, அந்த ரயில்வே இன்ஜினியரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். கீறல் போகும்வரை தேயுங்கள்!