யாழில் அடங்காத இசை
(திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் திருவரலாறு)

திருச்சிற்றம்பலம்

திருக்குடமுழுக்கு நன்னாளில் வேதமும் திருமுறையும் ஒருங்கு ஒலிக்க, நாதசுரமும் தவிலும் முழங்குகின்றன. இறைவனை இசையால் வழிபடுதல் நம் முன்னோர் வகுத்த நெறி. ஆயின், இசை தன்னின் வேறாகிய பொருளை முழுவதும் தன்னுள் அடக்கிக் காட்ட வல்லதோ? நரம்பின் ஒலியிலே பாட்டின் பொருளும், பாட்டிலே பரம்பொருளின் பெருமையும் அடங்குமோ? இவ்வினாவைத் தம் வாழ்விலேயே நேர்நின்று கண்டவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். நம் தொண்டை நாட்டுக் குன்றத்தூரிலே தோன்றிய சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில் அவர் வரலாறு விளங்குகின்றது.

நாயனார் அவதரித்த தலம் திருஎருக்கத்தம்புலியூர். விருத்தாசலத்தை அடுத்துள்ள அவ்வூர் இக்காலத்தில் இராசேந்திரப்பட்டினம் எனப்படுகின்றது. பாணர் மரபில் வந்த அவரும், அவர் வாழ்க்கைத் துணைவியார் மதங்கசூளாமணியாரும் தலந்தோறும் சென்று, இறைவன் புகழை யாழிலும் மிடற்றிலும் இசைத்து வழிபட்டனர்.

திருஆலவாயை அடைந்தபோது, பாணனார் அக்காலக் குலவழக்கின்படி திருவாயிலின் புறத்தே நின்று யாழ் வாசித்தார். அன்றிரவு சொக்கநாதர் அடியார்களின் கனவில் தோன்றி, அவரைத் தம் திருமுன்பு அழைத்து வருமாறு பணித்தருளினார். உள்ளே சென்று தரையில் அமர்ந்து பாணனார் இசைத்தபோது, ஈரம் தாக்கினால் யாழின் நரம்பு தளரும் ஆதலின் அவருக்குப் பொற்பலகை இடுக என்று வானில் ஓர் ஒலி எழுந்தது. உப்புக் காற்றின் ஈரம் பொருள்களை எவ்வாறு நலியச் செய்யும் என்பதை நாள்தோறும் காணும் காட்டுப்பள்ளி முதலிய கடற்கரை ஊரவர்க்கு, அந்தப் பலகையின் அருமை எளிதில் விளங்கும். திருவாரூரிலும் இறைவன் வடதிசையில் வேறொரு வாயில் வகுத்து அவரை உள்ளே புகச் செய்தருளினார்.

பின்னர்ச் சீகாழிக்கு வந்த நாயனார், திருஞானசம்பந்தப் பெருமானை வணங்கி, அவர் அருளும் திருப்பதிகங்களை யாழிலிட்டு வாசிக்கும் பேறு பெற்றார். அன்று முதல் பிள்ளையாரை விட்டு நீங்காமல் உடன் சென்றார்.

அப்பயணத்தில் ஒருநாள் தருமபுரம் என்னும் தலத்தை அடைந்தனர். இது மயிலாடுதுறையை அடுத்த ஆதீனத் திருவூர் அன்று; காரைக்காலுக்கு அணித்தாக உள்ளது. பாணனாருடைய தாயார் பிறந்த ஊர் அதுவே. அங்கிருந்த சுற்றத்தார் மகிழ்ந்து, பாணனார் யாழில் வாசிப்பதனாலேயே பிள்ளையாரின் பதிகங்கள் உலகெங்கும் பரவுகின்றன என்று புகழ்ந்தனர். அப்புகழ்மொழி நாயனாரின் உள்ளத்தை நடுக்குற்றது. அவர் பிள்ளையாரை வணங்கி, உலகோர் உண்மையை உணருமாறு, யாழில் அடங்காத ஒரு திருப்பதிகம் அருளல் வேண்டும் என்று விண்ணப்பித்தார். தம் கலையின் தோல்வியைத் தாமே வேண்டி நின்ற கலைஞர் அவர்.

பிள்ளையார், கருவியிலும் மாந்தர் மிடற்றிலும் அடங்காத இசையில் ஒரு பதிகம் பாடியருளினார். முதல் திருமுறையின் 136-ஆம் பதிகமாக நிற்பது அதுவே. பாணனார் வாசிக்கப் புகுந்தார். நரம்பு பாட்டைத் தொடரவில்லை. இக்கருவியைத் தொட்டதனால் அன்றோ இப்பழி நேர்ந்தது என்று வருந்தி, யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, சிவசத்தியின் பெருமை முழுவதும் இக்கருவியில் அடங்குமோ என்று வினவி, இயன்ற அளவு வாசித்தலே செய்யத்தக்கது என்று அருளி, அதனை மீண்டும் அவரிடமே கொடுத்தார். நாயனாரும் பணிந்து பெற்று, பண்டுபோல் வாசித்து வந்தார். பின்னர்த் திருநல்லூர்ப்பெருமணத்தில் பிள்ளையாரின் திருமணத்தின்போது எழுந்த சோதியில் அவருடன் கலந்தருளினார்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? இசைக்கு எல்லை உண்டு என்பது உண்மை. அந்த எல்லைக்காக இசையைக் கைவிடலாகாது என்பதும் உண்மை. பழவேற்காட்டு ஏரியில் வீசும் வலை நீரை முகந்து வருவதில்லை. ஆயினும் குடும்பத்தைக் காக்கும் மீனைத் தருகின்றது. ஏரி முழுவதும் வரவில்லை என்று வலையை அறுத்தெறிவார் உளரோ?

பிற்காலத்தில் தேவாரப் பண்முறை மறைந்திருந்தபோது, திருஎருக்கத்தம்புலியூரில் அந்நாயனார் மரபில் வந்த ஒரு பெண்மணியாரைக் கொண்டே அது மீண்டும் வகுக்கப்பட்டது என்று திருமுறைகண்ட புராணம் கூறும். யாழ் உடைந்து மரபும் அற்றிருந்தால் அப்பேறு நமக்கு ஏது? யாழ் வழக்கொழிந்த பின்னும், விபுலானந்த அடிகளார் பல்லாண்டு ஆராய்ந்து 1947-ஆம் ஆண்டில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூலை அரங்கேற்றினார். மிடற்றில் அடங்காத அத்தருமபுரப் பதிகத்தையும் ஓதுவார்கள் இன்று அடாணா இராகத்தில் பாடி வருகின்றனர். அவரவர்க்கு இயன்ற அளவே அது.

அன்பர்களே! யாகசாலையில் எங்கும் நிறைந்த இறைவனைச் சிறு குடத்து நீரில் எழுந்தருளச் செய்கின்றோம். குடத்தில் இறைவன் அடங்கினான் என்பது கருத்தன்று. நம்பொருட்டு அங்கும் எளிவந்தான் என்பதே கருத்து. பெருந்தொகை ஈந்தவரும், ஒருநாள் உழைப்பை ஈந்தவரும் தத்தமக்கு இயன்ற அளவே செய்தனர். அவ்வளவையும் முழுமையாக ஏற்றருளும் பெருமானின் திருவடிகளைப் பணிந்து உய்வோமாக.

திருச்சிற்றம்பலம்