ஐடா ஸ்கடர்: ஜீனோம் வருவதற்கு முன்பே நோயைத் தேடிப் போன டாக்டர்

திருவண்ணாமலையில் பௌர்ணமி. 14 கி.மீ. கிரிவலம் முடித்து விடிகாலை பஸ் பிடித்து எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள். நாலு நாள் கழித்து ஆரணியில் ஒருவருக்குக் காய்ச்சல், செங்கத்தில் இன்னொருவருக்கு. ரெண்டு பேருக்கும் கிரிவலப் பாதையில் தொற்றியதா, இல்லை அவரவர் ஊரிலேயே ஒட்டிக்கொண்டதா? டெஸ்ட் ரிசல்ட் ‘பாசிட்டிவ்’ என்பதோடு நின்றுவிடும். மேற்கொண்டு துப்பு வேண்டுமென்றால் வைரஸின் ஜீனோமைப் படிக்க வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். நோயாளி எந்த ஊர், காய்ச்சல் எப்போது வந்தது என்ற விவரம் இல்லாவிட்டால் ஜீனோம் வெறும் எழுத்துக் குவியல். அந்த விவரம் கிடைக்க யாராவது கிராமம் வரை போயாக வேண்டும். இந்த வட்டாரத்தில் அந்த வேலையை வெகு முன்பே ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஐடா ஸ்கடர்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷனரி டாக்டர் குடும்பம். ஆனால் ஐடாவுக்கு டாக்டராகும் ஆசையே இல்லை. திண்டிவனத்தில் அப்பாவோடு தங்கியிருந்த காலத்தில், ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவச் சிக்கல். ஆண் டாக்டர் தொட்டுப் பார்க்க எந்த வீட்டிலும் சம்மதமில்லை. அப்போது ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகுதான் அமெரிக்கா போய் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூணு பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்றார்களாம், வந்தது 151.

கட்டடங்களைவிட முக்கியமானது அவருடைய ரோட்டோர கிளினிக். நோயாளி வேலூருக்கு வர முடியாவிட்டால், குடியாத்தம் ரோட்டில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். பிளேக், காலரா, தொழுநோய் எல்லாம் ஊரை ஆட்டிப்படைத்த காலம் அது. 1960-ல் கொடைக்கானலில் அவர் இறந்தபோது எந்த வைரஸின் முழு ஜீனோமும் படிக்கப்பட்டிருக்கவில்லை. அது முதன்முதலில் நடந்ததே 1976-ல்தான்.

அவர் தொடங்கிய சி.எம்.சி., 1980-களில் அதே வேலையை போஸ்ட் கார்டில் செய்தது. வட ஆற்காடு மாவட்ட டாக்டர்கள் சந்தேகத்துக்குரிய நோயைப் பார்த்தால் ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும். ‘நதி’ என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். திருவண்ணாமலையும் அப்போது இந்த மாவட்டத்தில்தான் இருந்தது, 1989-ல்தான் பிரிந்தது. 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில், இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்று தெரிந்ததும் சி.எம்.சி. லேபில்தான்.

சரி, ஜீனோம் கூடுதலாக என்ன சொல்லும்? கொரோனா வைரஸில் சுமார் 30,000 எழுத்துகள். வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது சில எழுத்துப் பிழைகள் விழும். ஒரு பரவல் சங்கிலியில் மாதத்துக்குத் தோராயமாக இரண்டு நிலைத்துவிடும். ஆரணி மாதிரியிலும் செங்கம் மாதிரியிலும் ஒரே பிழைகள் இருந்தால், ரெண்டும் ஒரே சங்கிலியைச் சேர்ந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். பிழைகள் நிறைய வேறுபட்டால், அது தனித்தனியாக வந்த தொற்று. கிரிவலப் பாதையை மூடுவதா, ஆரணியில் வீடு வீடாகப் பார்ப்பதா என்ற முடிவே இதனால் மாறலாம். கொரோனா காலத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி தடை போட்டபோது பாதையோரக் கடைக்காரர்கள் பட்ட பாடு தெரியும்தானே?

ஆனால் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஜீனோமை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஒரு ஊரைக் குற்றவாளியாக்க அது ஆதாரமும் இல்லை. தேதியும் ஊரும் சேர்ந்தால்தான் படம் தெளியும்.

வேகமும் வேண்டும். 2021 செப்டம்பரில் சென்னையில் தமிழக அரசு சொந்தமாக ஜீனோம் லேப் திறந்தது. அதுவரை மாதிரிகள் பெங்களூருக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. ரிசல்ட் வருவதற்குள் அடுத்த பௌர்ணமியே வந்துவிடும்.