சே குவேராவை விடாமல் துரத்திய ஆஸ்துமா: தப்பு யார் மேல்?

1930 மே மாதம். அர்ஜென்டினாவின் சான் இசித்ரோவில் அம்மா செலியா குளிர்ந்த ஆற்றில் நீந்தப் போனார். இரண்டு வயதுகூட ஆகாத மகன் எர்னெஸ்டோவும் கூட இருந்தான். அன்றிரவே குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அப்பா ரொம்ப காலம் அம்மாவைத்தான் குறை சொன்னார்.

ஆனால் குளிர் வெறும் தூண்டுதல்தான். 17-வது குரோமோசோமில் ஓஆர்எம்டிஎல்3 மரபணுவை ஒட்டிய சின்னச் சின்ன மாறுபாடுகள் சிறுவயது ஆஸ்துமா அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2007-ல் தெரிந்தது. மூச்சுக்குழாயில் அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூகின்-13 மரபணுவிலும் இதே கதைதான். இவை இருந்தாலே நோய் வந்துவிடாது. வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். செலியா பழி சுமந்த காலத்தில் இதைப் பார்க்க வழியே இல்லை.

வறண்ட காற்றுக்காகக் குடும்பமே ஆல்டா கிராசியா மலையூருக்குக் குடிபோனது. சே ரக்பி ஆடினார், டாக்டருக்குப் படித்தார், புவனோஸ் அயர்ஸிலும் மெக்சிகோவிலும் அலர்ஜி ஆய்வில் வேலை பார்த்தார். இவ்வளவு தெரிந்தவர் சுருட்டை மட்டும் விடவில்லை!

1967 ஆகஸ்ட்டில், பொலிவியக் காட்டில் குகைக்குள் பதுக்கியிருந்த அவரது மருந்துகள் ராணுவத்திடம் சிக்கின. அதன்பின் இழுப்போடுதான் பயணம். அக்டோபர் 8-ல் பிடிபட்டார். மறுநாள் லா இகேராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39.