பனியின் தடம் கண்ட பிளான்ஃபோர்டு

பிரிஞ்சாங் மலைச்சாலையில் நிலச்சரிவு ஏற்பட்டால் பெரும் பாறைகளும் சேறும் கலந்து கிடக்கும். மாணவர்களே, அதுபோன்ற ஒரு கலவைதான் ஹென்றி பிளான்ஃபோர்டைச் சிந்திக்க வைத்தது.

1834இல் லண்டனில் பிறந்த அவர், 1855இல் அண்ணன் வில்லியமுடன் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரிப் பகுதியில், நுண்ணிய சேறு இறுகிய பாறைக்குள் பெரிய உருண்டைக் கற்கள் புதைந்திருந்தன. அத்தகைய கற்களை உருட்டும் வேகமுள்ள ஆறு, சேற்றைத் தங்கவிடாது. ஆகவே கற்களைச் சுமந்து வந்தது பனிக்கட்டியே என்று சகோதரர்கள் 1856இல் கருத்துரைத்தனர். ஹென்றிக்கு அப்போது வயது 22தான்.

வெப்ப நாட்டில் பனியா? நம்புவது எளிதாக இல்லை. நிலச்சரிவும் கல்லையும் சேற்றையும் கலக்குமே! ஆனால் 1872இல் பெங்கங்கா ஆற்றோரம், பனி தேய்த்து வழவழப்பாக்கிக் கீறிய சுண்ணாம்புப் பாறைத் தளம் கண்டறியப்பட்டது. ஐயம் நீங்கியது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென் துருவத்தின் அருகே, கோண்டுவானா பெருநிலத்தோடு இணைந்திருந்தது என்பதை இன்று அறிவோம்.

பின்னர் நீலகிரி, திருச்சிராப்பள்ளிப் பாறைகளையும் ஆராய்ந்த ஹென்றி, 1875இல் இந்திய அரசின் முதல் வானிலை அதிகாரியானார். இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குறையக்கூடும் என்று 1884இல் எழுதினார். 1893இல் அவர் மறைந்தார். அந்தத் தொடர்பை விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்கிறார்கள்.