போப்பையரின் தாயகம்

பிறந்த நாடு ஒன்று, வளர்ந்த நாடு ஒன்று, உழைத்த நாடு ஒன்று என வாழ்ந்த ஒருவர் முதுமையில் ஊர் திரும்புகின்றார் எனின், அவர் திரும்பும் ஊர் யாது? திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கிய ஜார்ஜ் யுக்ளோ போப்பையரின் வரலாற்றைப் பயிலுந்தோறும் இவ்வினா எம் உள்ளத்தில் எழுகின்றது. அவர்தம் தமிழ்த்தொண்டினைப் போற்றாத தமிழாசிரியர் இலர். ஆயினும், அத்தொண்டின் தலையாய பகுதி அவர் இந்நாட்டை விட்டு நீங்கிய பின்னரே நிகழ்ந்தது என்பதனை நாம் நின்று எண்ணுவதில்லை.

போப்பையர் 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் நாள், இன்று கனடாவின் பகுதியாய் உள்ள பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்தார். தந்தையார் ஜான் போப் ஒரு வணிகர். ஐயர் சிறுவராய் இருந்தபொழுதே குடும்பத்தினர் இங்கிலாந்து திரும்பிப் பிளிமத் நகரிற் குடியேறினர். அவர் தமது முதல் தமிழ்ப் பாடத்தைக் கற்றது 1837-இல். தமிழ்நாடு எத்திசையில் உள்ளதென்று தேசப்படத்தில் மட்டுமே கண்டிருந்த பதினேழு வயதுப் பிள்ளை, நம் நெடுங்கணக்கை உருப்போட்டதனை நினைக்குங்கால் எமக்கு வியப்பும், சிறிது நாணமும் உண்டாகின்றன. 1839-இல் அவர் சென்னைத் துறையில் இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. எம் வகுப்பினர் பலருக்கு இப்பொழுதுள்ள வயது அதுவே.

1842-இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள சாயர்புரத்திற்குச் சென்று ஆங்கு ஒரு கல்விச்சாலையை நிறுவினார். மணம் புரிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருக்க, 1845-இல் அவர் மனைவியார் மேரி அம்மையார் தூத்துக்குடியிற் காலமானார். 1849-இல் சென்னையில் ஹென்ரியட்டா அம்மையாரை மணந்து இங்கிலாந்து சென்றார். அங்கு இரண்டாண்டு தங்கினார். ஆக்ஸ்போர்டு இயக்கத்துப் பெரியோர் பலரின் பழக்கமும் வாய்த்தது. இளமையும் கல்வியும் நட்பும் ஒருங்கே அமைந்த அந்நாளில் அவர் அங்கேயே தங்கிவிட்டிருப்பின், குறை கூறுவார் எவரும் இரார். ஆயினும் 1851-இல் மீண்டும் கப்பலேறித் தஞ்சைக்கு வந்தார். தஞ்சைவாழ்வு இனிதாய் அமைந்திலது. திருச்சபையுள் சாதி வேற்றுமை பற்றி எழுந்த பூசலில் அவர் உறுதியாய் நின்றார். அவ்வுறுதி சில வேளைகளில் கடுமையாயும் மாறிற்று. பூசல் முற்றவே அப்பணியை விட்டு நீலகிரி ஏறினார்.

இம்மலைவாழ்வே அவர் வரலாற்றில் எம்மை மிகவும் ஈர்ப்பது. 1850-களின் இறுதியில் உதகமண்டலத்தில் ஐரோப்பியச் சிறுவர்களுக்கென ஒரு பள்ளியை நிறுவி, 1870 வரை அதன் தலைமையாசிரியராய் இருந்தார். அக்காலத்து உதகை, ஆங்கிலேயர் தம் ஊரைப் பெயர்த்துக் கொணர்ந்து நட்டது போன்றதோர் ஊர். கலெக்டர் சல்லிவன் கட்டுவித்த ஏரியும், புனித ஸ்தேவான் ஆலயமும், குளிரும், கணப்பும், தோட்டந்தோறும் ரோஜாவும், எல்லாம் அவர்களுக்குத் தாயகத்தை நினைவூட்டுவன. ஆங்கிலப் பிள்ளைகள் இந்தியராய் மாறிவிடாதபடி வளர்க்கப்பெற்ற அவ்விடத்தில், கண்டிப்பிற்குப் பேர்போன ஆசிரியராய்ப் போப்பையர் விளங்கினார். இந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளுள் அவர் ஒரு சிறு இங்கிலாந்திற்குள் வாழ்ந்தவை இவையே எனலாம்.

எனினும் மலை அவரைச் சும்மா விட்டிலது. உதகையிலிருந்து முத்தோரை, பாலாடா வழியாக எமரால்டு நோக்கிச் செல்லும் சாலையில் இத்தலார் என்னும் எம் படுகர் ஊர் உள்ளது. இம்மலைச் சிற்றூர்களையெல்லாம் நடந்தே சுற்றியவர் கேத்தியில் இருந்த பாசல் மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் ஐயர். எம்மூர்ச் சரிவுகளிலும் அவர் அடி பட்டிருக்கும் என எண்ணுவது எமக்கு உவகை தருவதொன்று. அவர் தொதவர்பால் கேட்டுத் திரட்டிய சொற்களையும் தொடர்களையும் கொண்டு, தொதவமொழிக்கு ஒரு சுருக்க இலக்கணத்தைப் போப்பையர் வகுத்தார். அது 1873-இல் மார்ஷல் என்பார் தொதவரைப்பற்றி வெளியிட்ட நூலிற் சேர்க்கப்பெற்றது. அந்நாளில் எழுத்தில்லாத மொழிக்கு, சில நூறு பேரே பேசிய மொழிக்கு, இலக்கணம் எழுதுவதில் அவருக்குப் பொருளோ புகழோ கிட்டுவதற்கில்லை.

பின்னர்ப் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமையாசிரியராய்ப் பணியாற்றி, 1882-இல் இந்தியாவை விட்டு நீங்கினார். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்திரண்டு. இடைப்பட்ட சில ஆண்டுகள் நீங்கலாக, நாற்பதாண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்திருந்தார். பள்ளியாசிரியர் ஒருவர் ஓய்வுபெற்று ஊர் சென்றார் என்பதோடு கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. 1884-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1886-இல் திருக்குறள் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1893-இல் நாலடியார் வெளிவந்தது. பேலியல் கல்லூரித் தலைவராகிய ஜோவெட் என்னும் பேரறிஞரோடு அவர் ஒரு மாலை உலவிக்கொண்டிருந்தபொழுது பேச்சு தமிழ்ப் பாடல்கள்மேற் சென்றது. திருவாசகத்தை அச்சிடல் வேண்டுமென ஜோவெட் வற்புறுத்தினார். அத்துணைப் பெரும்பணிக்குத் தம் ஆயுள் இடந்தராது என இவர் தயங்க, பெரும்பணி ஒன்றைக் கைக்கொண்டிருப்பதே நெடிது வாழும் வழி, முடியும்வரை நீர் இருப்பீர் என அவர் தேற்றினார். தேற்றியவர் 1893-இல் மறைந்தார். தேற்றப்பெற்றவரோ 1900-ஆம் ஆண்டு, தம் எண்பதாம் பிறந்தநாளன்று, திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரைக்குக் கையொப்பமிட்டார்.

ஈண்டு கால்டுவெல் ஐயரை நினையாதிருத்தல் இயலாது. 1838-இல் வந்த அவர் இடையன்குடியையே ஊராக்கிக்கொண்டு, 1891-இல் கொடைக்கானலில் உயிர் நீத்து, இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கமானார். இருவரையும் ஒப்பிட்டுத் தங்கியவரே மெய்யன்பர், திரும்பியவர் ஒருபடி குறைந்தவர் என உரைப்பாரை யாம் கேட்டிருக்கின்றோம். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று. தங்கிய கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும் 1856-இல் லண்டனில் அச்சேறியதே. நூல்நிலையமும் நல்ல அச்சகமும் கற்றார் கூட்டமும் எங்கே உளவோ அங்கே சில பணிகள் எளிதாகின்றன. இதனை ஒப்புக்கொள்வதில் நாட்டுப்பற்றுக்கு இழுக்கில்லை. தலைமையாசிரியராய்ப் பெங்களூரிலேயே முதுமை எய்தியிருப்பின் போப்பையரிடமிருந்து திருவாசகம் நமக்குக் கிட்டியிருக்குமோ என்பது ஐயமே.

ஆயினும் இழப்பே இல்லை எனல் பொய்யாகும். ஆக்ஸ்போர்டில் அவர்பால் தமிழ் பயின்றோர் பெரும்பாலும் இந்திய ஆட்சிப்பணிக்கு வர இருந்த இளைஞர். தேர்வுக்கு வேண்டிய அளவே அவர்க்குத் தமிழ் வேண்டும். தெருவிலும் சந்தையிலும் கேட்டுப் பழகிய தமிழ் ஐயருக்கு அங்கே கடிதத்திலும் ஏட்டிலும் மட்டுமே கிடைத்தது. நல்லசுவாமிப் பிள்ளை முதலிய அறிஞர் கடல்கடந்து அவரோடு தொடர்பு கொண்டிருந்தனர். 1897-இல் தோன்றிய சித்தாந்த தீபிகையில் அவர் எழுத்துக்கள் வெளிவந்தன. எம்மூரிலிருந்து வெளியூர் சென்ற பிள்ளைகள் எத்தையம்மன் திருவிழாவுக்கேனும் ஒருமுறை வந்து போவர். போப்பையருக்கோ அஃதும் வாய்த்திலது, போனவர் போனவரே. மாறாக, அவர் மைந்தர் மூவர் இப்பக்கமே பணிபுரிந்தனர்: ஒருவர் பர்மாவிற் கல்வித்துறையில், ஒருவர் இந்திய இருப்புப்பாதைப் பொறியாளராய், ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் கண் மருத்துவப் பேராசிரியராய். தந்தையார் தாயகம் திரும்பிவிட்டார். மக்கள் அயல்நாட்டில் இருந்தனர். அன்றி, மக்கள் தாயகத்தில் இருக்கத் தந்தையார் அயல்நாடு சென்றார் எனலும் பொருந்துமோ?

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் போப்பையர் மறைந்தார். அவ்வாண்டு அக்டோபரிலேதான் மலை இரயில் உதகமண்டலத்தை எட்டியது. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பெற்றது. தம் கல்லறைமேல் ஒரு தமிழ் மாணவன் எனப் பொறிக்குமாறு அவர் கூறிச் சென்றார் என்னும் கதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கப்படுவது. ஆக்ஸ்போர்டில் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்திலுள்ள அக்கல்லில் அச்சொற்கள் இல. இருப்பது வேறு. அது அவரைப் பிரின்ஸ் எட்வர்டு தீவினர் என்றோ பிளிமத் நகரினர் என்றோ குறிக்கவில்லை. தென்னிந்தியாவினர் என்றே குறிக்கின்றது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்புடன் நாட்டிய கல் என்றும் அதிற் பொறித்துளது. மூன்றாண்டு கழித்து, 1911-இல், சென்னையில் அவரை மணந்த ஹென்ரியட்டா அம்மையாரும் அவ்விடத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.