ஏழைகளுக்காகப் பேசியவர், டார்வினை ஏன் எதிர்த்தார்? யார் இந்த பிரையன்?

அமெரிக்காவில் தீவிர கிறிஸ்தவர் என்றாலே வலதுசாரிதான்னு ஒரு பிம்பம் இருக்கு. அதில் அடங்காதவர், 1860-ல் பிறந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்.

36 வயதிலேயே ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர். 1896, 1900, 1908 என மூன்று முறையும் தோல்வி. ஆனாலும் கடனில் தவித்த விவசாயிகள் அவரைக் கொண்டாடினாங்க. வருமான வரி, பெண்கள் வாக்குரிமை, மதுவிலக்கு என எல்லாவற்றையும் ஆதரித்தார். நாடு போருக்குள் இழுக்கப்படும்னு அஞ்சி, 1915-ல் வெளியுறவு அமைச்சர் பதவியையே உதறினார். இன்னொரு முகமும் உண்டு: 1924 கட்சி மாநாட்டில், கு கிளக்ஸ் கிளான் அமைப்பைப் பெயர் சொல்லிக் கண்டிப்பதை எதிர்த்தார்.

டார்வின் மீது என்ன கோபம்?

பைபிள் நம்பிக்கை ஒரு காரணம். வலியவனே பிழைப்பான் என்ற எண்ணம் போருக்கும் சுரண்டலுக்கும் நியாயம் கற்பிக்கும் என்ற பயம் இன்னொன்று.

1925-ல் டென்னசியில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மீது வழக்கு. அரசுத் தரப்பில் பிரையன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ அவரையே கூண்டில் ஏற்றி, பைபிள் பற்றிக் கேள்விகளால் துளைத்தார். பிரையன் தடுமாறினார். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். தீர்ப்பு வந்த ஐந்தே நாளில் பிரையன் இறந்தார்.

அவர் காக்க நினைத்த டென்னசி சட்டம் 1967-ல் நீக்கப்பட்டது. அவர் கேட்ட வருமான வரியும் பெண்கள் வாக்குரிமையும் இன்றும் இருக்கின்றன.