லால் பகதூரின் ராஜிநாமா

தொப்பூர் மலைச்சரிவை ஒட்டிச் செல்லும் ரயில் பாதை தர்மபுரி ஜில்லாவாசிகள் நன்கறிந்ததே. 2021 நவம்பர் 12-ந் தேதி அதிகாலையில், கண்ணூரிலிருந்து யஷ்வந்த்பூர் சென்ற எக்ஸ்பிரஸ் வண்டி, தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே பாறைகள் சரிந்து விழுந்ததால் தடம் புரண்டது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. இத்தகைய ஆபத்துக்களுக்குப் பொறுப்பாளி யார் என்று வினவுவோர், ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியின் சரித்திரத்தை அறிதல் நலம்.

அவர் 1904 அக்டோபர் 2-ந் தேதி, பெரிய ரயில் சந்திப்பாகிய மொகல்சராயில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, தாய்வழி உறவினரிடம் எளிய வாழ்வில் வளர்ந்தார். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பள்ளியைத் துறந்தார். 1925-ல் காசி வித்யாபீடத்தில் சாஸ்திரிப் பட்டம் பெற்றார். பின்னர் தேச சேவையில் பன்முறை சிறை புகுந்தார். 1952-ல் ரயில்வே மந்திரியானார்.

1956-ல் மகபூப்நகரில் பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோதே அவர் ராஜிநாமா அளித்தார்; பிரதமர் நேரு ஏற்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 23-ந் தேதி, நமது அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் நிலைகுலைய, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. 140-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். இம்முறை சாஸ்திரி பதவியில் இருக்கச் சம்மதித்தாரில்லை. குற்றம் அவருடையதன்று, முன்மாதிரியாக விளங்கவே ஏற்பதாகப் பிரதமர் பார்லிமெண்டில் விளக்கினார். துறந்தவரை தேசம் மறக்கவில்லை. 1964-ல் பிரதமரான அவர், 1966 ஜனவரி 11-ந் தேதி தாஷ்கெண்டில் காலமானார்.

அத்தியாகம் போற்றற்குரியதே. ஆயினும் மந்திரியின் ராஜிநாமா மாண்டவரை எழுப்பாது; பாலத்தையும் பலப்படுத்தாது. மழை இரவில் விளக்கேந்திப் பாதையைச் சோதித்து நடக்கும் தொழிலாளியே ஆபத்தை முதலில் காண்பவன். ஓய்வின்றி வண்டி ஓட்டுவது பிரயாணிகளுக்கு அபாயம் என்று டிரைவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். 1973-ல் வேலைநிறுத்தம் செய்த பின்னரே 10 மணி நேர வரம்பு அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. பாதுகாப்பைக் கோருவதற்கும் போராட வேண்டுமா?

விபத்துக்குப் பின் பதவி துறப்பது மானம். விபத்துக்கு முன் தொழிலாளியின் சொல்லுக்குச் செவி சாய்ப்பது கடமை. சாஸ்திரியைப் புகழும் அதிகாரிகள் இவ்விரண்டாவதைச் செய்வார்களாயின், முதலாவதற்கு அவசியமே நேராது. தேசத்தொண்டர்கள் இதனைச் சர்க்காரிடம் இடைவிடாது வற்புறுத்துவார்களாக.